அடுப்புக்கு ஒன்றரை அடி

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் கடக்வாஸ்லா சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அணை நிரம்பி மதகுகள் வழியே முத்தா நதி இறங்குவதைப் பார்க்கப் புனே நகரமே கிளம்பி வந்துவிட்ட மாதிரி கூட்டம். கரையோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் மக்காச்சோளக் கதிரைச் சுட்டு, எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்ப்பொடியிலும் தொட்டுத் தேய்த்துக் கொடுப்பார்கள். சாலை அங்கிருந்து டோண்ஜே கிராமத்தைத் தாண்டி மலையேறுகிறது. மேலே சிங்ககட் கோட்டை, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம். 1670இல் தானாஜி மாலுசரே உயிரைக் கொடுத்து மீட்ட கோட்டை என்பதால் மராட்டியப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதன் கதை தெரியும். ஆனால் இன்று ஏறுகிறவர்களில் பலரை மேலே இழுப்பது சாப்பாடு. கடலைமாவில் கிண்டிய பிட்லா, சோளத்திலோ கம்பிலோ தட்டிய பாக்ரி ரொட்டி, மிளகாய் இடித்த தேச்சா, வெங்காய பஜ்ஜி, சின்ன மண்கலயத்தில் உறைந்த தயிர். சமைப்பவர்கள் அடிவாரத்து ஊர்ப் பெண்கள். சமைப்பது விறகடுப்பில். விறகடுப்பு என்பதைச் சொல்லித்தான் அங்கே ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

மராத்தி நண்பர்கள் இந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். வீட்டில் எரிவாயு அடுப்பில் சுட்டால் அந்த ருசி வராது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அந்த ருசி எப்படி உண்டாகிறது என்று அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு சிலதும் தெரியவரும்.

வெள்ளைச் சோள மாவுக்கும் கம்பு மாவுக்கும் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. உருட்டுக்கட்டையால் தேய்க்கப் போனால் விரிந்து பிளந்துவிடும். அதனால் வெந்நீர் விட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும். ஒரு பாக்ரிக்கு உரிய மாவை மட்டும் அவ்வப்போது பிசைந்து, மாவு தூவிய தட்டில் வைத்து, விரல்களால் தட்டிச் சுழற்றியே வட்டமாக்குகிறார்கள். தட்டியதைக் கல்லில் போட்டதும் மேற்பக்கத்தில் கையாலேயே தண்ணீர் தடவுவார்கள். அடிப்பக்கம் வெந்ததும் புரட்டுவார்கள். கடைசியில் கல்லை நகர்த்திவிட்டு, பாக்ரியை அடுப்பின் வாயில் தணலுக்கு எதிரே சாய்த்து வைப்பார்கள். சில நொடிகளில் அது உப்பி எழும். பசித்து நிற்கிறவருக்கு அந்த நொடியைப் பார்ப்பதே பாதி சாப்பாடு.

இத்தனையும் குந்தியோ சம்மணம் போட்டோ உட்கார்ந்து, குனிந்து செய்கிற வேலை. சமைப்பவரின் முகத்துக்கும் அடுப்பின் வாய்க்கும் இடையே ஒன்றரை அடி இருந்தால் அதிகம். தீ தணிந்தால் ஊதுகுழலை எடுத்து ஊத வேண்டும். ஊதுவதற்கு முன் மூச்சை ஆழமாக இழுத்தாக வேண்டும். இழுப்பது அடுப்புக்கு எதிரே உள்ள காற்றை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோட்டைக்குக் கூட்டம் பெருகுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலை பச்சைப் பிடிக்கும் மாதங்களில். வியாபாரம் நடக்கும் அதே மாதங்களில்தான் விறகு நனைந்து கிடக்கும். ஈர விறகை எரித்தால் சூட்டில் பெரும்பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்கவே போய்விடும். தீயின் வெப்பம் குறையும். கட்டை பற்றி எரியாமல் கனன்றுகொண்டே கிடக்கும். முழுதாக எரியாத கரியும் வாயுக்களும் புகையாக வெளியேறும். அந்த உயரத்தில் மழை கிடைமட்டமாக அடிக்கும். சாரல் உள்ளே வராமல் இருக்கக் கடையின் மூன்று பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டினால், புகைக்கும் அந்த ஒரே வாசல்தான். வருகிறவர்கள் நாலு எட்டு தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து, மேகம் கோட்டைச் சுவரை உரசிப் போவதைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். புகை நெடி அவர்களுக்கு அரை மணி நேரச் சுகம். சமைப்பவர் காலையிலிருந்து உள்ளே இருக்கிறார்.

இந்த வட்டாரத்தில் ஆபத்து என்று யாரிடம் கேட்டாலும் 1961 ஜூலை 12ஐத்தான் சொல்வார்கள். மேலே பான்ஷேத் அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் பிளந்து, புனேயின் பழைய பேட்டைகள் நீரில் மூழ்கிய நாள். அந்த நாளுக்கு நினைவு இருக்கிறது. நாளிதழ்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. இதே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் 1916இல் தொடங்கியது; நாட்டின் அணைகளையும் துறைமுகங்களையும் சிறிய மாதிரியாகக் கட்டி, அவற்றில் நீரின் போக்கை அளந்து பார்க்கிற இடம் அது. நகரத்துக் காற்றை அளக்கவும் புனேக்கு ஏற்பாடு உண்டு. பாஷாணில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2013இலிருந்து இந்நகரத்துக்குக் காற்றின் தர முன்னறிவிப்பைத் தந்துவருகிறது. நீரும் காற்றும் இவ்வளவு அக்கறையாக அளக்கப்படும் ஓர் ஊரின் ஓரத்தில், அடுப்புக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள அந்த ஒன்றரை அடிக் காற்று எந்தப் பலகையிலும் எண்ணாக வருவதில்லை. அதனால் வரும் நோய்க்குத் தேதி கிடையாது. இருபது ஆண்டுகளில் மெல்ல ஏறுகிறது.

விறகுப் புகையில் என்ன இருக்கிறது என்பது மருத்துவத்துக்கு நன்றாகத் தெரியும். நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை போய்ப் படியும் நுண்துகள்கள், கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, புற்றுநோயோடு தொடர்புள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். வீட்டுக்குள் விறகு எரிப்பதால் வரும் புகையையும், கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை' என்ற ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. சிங்ககட் கடையில் ஒரு பக்கம் பாக்ரி, மறுபக்கம் பஜ்ஜிச் சட்டி. இரண்டும் ஒரே கூரையின் கீழ். கண்புரைக்கும் இந்தப் புகைக்கும் உள்ள தொடர்பையும் உலகச் சுகாதார நிறுவனம் பட்டியலிட்டிருக்கிறது.

இவற்றில் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அணைக்கரையில் கதிர் சுடும் பெண்களைப் பற்றி யாரும் கவலைப்படாததற்கு அதுதான் காரணம். அவர்கள் எரிப்பது கரி. கரித்தணலில் கண்ணை எரிக்கும் புகை இல்லை. அதனால் அது சுத்தமான நெருப்பு என்று தோன்றும். ஆனால் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு ஏராளமாக வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். திறந்தவெளிதானே, காற்று அடித்துப் போய்விடும் என்பது பாதிதான் சரி. விசிறிக்கொண்டே குனிந்து கதிரைத் திருப்புகிறவரின் மூக்கு தணலுக்கு நேர் மேலே இருக்கிறது. பின்னால் சாலையில் நகராமல் நிற்கும் வண்டிகளின் புகை வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில், 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஏற்கெனவே குறைந்துபோன ஹீமோகுளோபினில் ஒரு பங்கை இந்த வாயு பறித்துக்கொண்டால் மிஞ்சுவது எவ்வளவு? தலைவலி, கிறுகிறுப்பு, அடித்துப்போட்ட மாதிரி அசதி. வெயிலில் உட்கார்ந்தது, சாப்பிடாதது, தூக்கமில்லாதது என்று ஏதாவது ஒரு காரணம் கையில் இருக்கவே இருக்கிறது. அன்றைக்குத் தீயின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

சமையல் புகையை அளந்து பார்க்க வேண்டும் என்று உலகத்துக்கு முதலில் தோன்ற வைத்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடையிலேயே சிறு கருவியைப் பொருத்தி அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார். அறையின் நடுவில் கருவியை வைப்பதற்கும் ஆளின் மார்பில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்த அறிவியல் அது. அந்த வழியில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் விரிவாக அளந்தவர் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். 2002இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுகளின்படி, விறகு போன்றவற்றை எரிக்கும் வீடுகளில் சமையல் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் சுவாசிக்கத்தக்க துகள்கள் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தன. நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் சமைக்கும் பெண்ணுக்கு 231. எரிவாயு போன்ற தூய எரிபொருள் வீடுகளில் 82. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகளுக்குச் சொன்ன 24 மணி நேர வரம்பு 15. அளக்கும் துகளின் அளவு இரண்டிலும் சற்று வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் தூரம் புரிகிறது. அதுவும் வீட்டுச் சமையல், நாளுக்கு இரண்டு வேளை, சில மணி நேரம். விற்பதற்குச் சமைப்பவரின் அடுப்பு விடிந்ததும் பற்றவைத்தால் கடைசி வண்டி இறங்கும்வரை அணையாது.

இந்த அறிவில் புனேக்குச் சொந்தப் பங்கு உண்டு என்பதால்தான் எனக்கு ஆற்றாமை கூடுகிறது. புனேயின் மார்பு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சந்தீப் சால்வி, லண்டனின் பீட்டர் பார்ன்ஸுடன் சேர்ந்து 2009இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் புகைபிடிப்பவர்களின் நோய் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த காலம். அந்நோயாளிகளில் 25 முதல் 45 விழுக்காட்டினர் ஒருநாளும் புகைபிடிக்காதவர்கள் என்று அந்தக் கட்டுரை காட்டியது. அப்போது உலகில் புகையிலை பிடித்தவர்கள் ஏறத்தாழ 100 கோடி. விறகு, சாணம், பயிர்க்கழிவுப் புகைக்கு ஆளானவர்கள் ஏறத்தாழ 300 கோடி. கோட்டையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற நகரத்தில் எழுதப்பட்ட வரிகள் இவை. மேலே அடுப்பெரிக்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் இன்றும் சொல்லப்படுவது வேறு: வயசாயிற்று, மலையேறினால் அப்படித்தான். மருத்துவர் ஆணிடம் பீடி பிடிப்பாயா என்று கேட்கிறார். பெண்ணிடம் கேட்க ஒரு கேள்வி அவர் கைவசம் இருப்பதில்லை. குழாயில் ஒரு மூச்சு ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். அந்நோயில் இழந்த நுரையீரல் திறன் திரும்பாது என்பதால் சோதனை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது. தயிர்க் கலயங்களைத் தலையில் சுமந்து அடிவாரத்து ஆத்கர்வாடியிலிருந்து ஏறி வந்தவர் ஒரு வருடம் வண்டியில் வரத் தொடங்குவார், அடுத்த வருடம் மருமகள் வருவார். வீட்டில் அதை ஓய்வு என்பார்கள்.

அரசு இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் 10 கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பைக் கொண்டுசேர்த்திருக்கிறது. அடிவாரத்து வீடுகளிலும் சிலிண்டர் உண்டு. ஆனால் அது வீட்டுச் சிலிண்டர். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைத்து விற்பனைக்குச் சமைப்பது விதிப்படி குற்றம். கடைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்க வேண்டும். கிலோ கணக்கில் அதன் விலை கூடுதல், மானியமும் இல்லை. முகவரிச் சான்று கேட்காமல் விற்கும் 5 கிலோ சிலிண்டரும் உண்டு, அதுவும் சந்தை விலைக்கு. ஆக, குடும்பத்துக்காகச் சமைக்கும்போது அவரை ஒரு நுரையீரல் உள்ளவராகப் பார்க்கும் அரசு, சம்பாதிப்பதற்காகச் சமைக்கும்போது வணிகராக மட்டும் பார்க்கிறது. வீட்டில் சில மணி நேரப் புகையிலிருந்து காப்பாற்றிவிட்டு, கடையில் பத்து மணி நேரப் புகையில் விட்டுவிடுகிறோம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. சின்னக் கடைக்காரர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தண்ணீர் சுத்தமா, பண்டம் மூடியிருக்கிறதா, சமைப்பவருக்குத் தொற்றுநோய் ஏதும் இருக்கிறதா என்று கேட்கும் விதிகள் உள்ளன. எல்லாம் நியாயமான கேள்விகள். எல்லாமே சாப்பிடுகிறவரின் பக்கம் நின்று கேட்கப்படுகிறவை. சமைப்பவரிடமிருந்து நமக்கு என்ன தொற்றும் என்று பார்க்கிறோம், நம் சாப்பாட்டால் அவருக்கு என்ன வரும் என்று பார்க்க ஒரு வரி கிடையாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தூசியையும் புகையையும் பற்றித் தனிப் பிரிவே வைத்திருந்தது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலையாகத் தெரிய மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒரு பெண், அவருடைய மகள், ஓர் அடுப்பு என்பது அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் நிலைமை வேறாக இல்லை. உடன்குடி, சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் விடிலிகளுக்குள் பதநீர் காய்ச்சும் பெண்களை நினைத்துப் பாருங்கள். பனையோலையால் வேய்ந்த தாழ்ந்த குடிசை. காலையில் கணவர் இறக்கிக் கொடுக்கும் பதநீர் அன்றே காய்ந்தாக வேண்டும், விட்டால் புளித்துவிடும். உள்ளே அடுப்பில் காய்ந்த ஓலையும் மட்டையும் உடைமுள்ளும் எரியும். பதம் வரும்வரை மணிக்கணக்கில் துடுப்பால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் பொங்கும், கொஞ்சம் தாமதித்தால் கருகும். பனைக்காலம் என்பது கோடை. வெளியே வெயில், உள்ளே தீ. பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றி எடுக்கும் அந்தக் கருப்பட்டிக்கு இன்று நகரத்தில் நல்ல மதிப்பு; உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. குறியீடு பெயரைக் காக்கிறது, போலியைத் தடுக்கிறது. விடிலிக்குள் என்ன நடக்கிறது என்பது அதன் வேலையில்லை. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் பெண்களின் உள்ளங்கையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஓட்டுக்குள் உள்ள எண்ணெய் தோலை அரித்துக் கருக்கிவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். கொட்டையை ஓட்டோடு வறுக்கும்போது எழும் புகை அதைவிடக் கொடியது. பட்டியலை நீட்ட விருப்பமில்லை.

இந்த இடத்தில் தஞ்சாவூரில் பிறந்து மராட்டிய மண்ணில் பெரும்பணி செய்த ஜே.சி. குமரப்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வர்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தியவர் அவர். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேன் என்று இன்று 'பாரம்பரிய உணவு' கடைகளின் அலமாரிகளில் நாம் பார்க்கும் பட்டியல் ஏறக்குறைய அந்தச் சங்கத்தின் வேலைப்பட்டியல்தான். ஆனால் அதே மகன்வாடியில் 1940களில் புகைபோக்கி வைத்த ஓர் அடுப்பும் உருவானது. மகன் சூலா என்று பெயர். கிராமத்து உணவைக் காப்பது பற்றி யோசித்தவர்கள் அதைச் செய்கிறவரின் கண்ணையும் நெஞ்சையும் சேர்த்தே யோசித்தார்கள். அலமாரிக்குப் பட்டியல் வந்து சேர்ந்தது. அடுப்பு வர்தாவிலேயே தங்கிவிட்டது. கைக்குத்தல் அரிசியின் நார்ச்சத்தைப் பற்றி இன்று பேசுகிற அளவில் பத்தில் ஒரு பங்காவது குத்துகிற தோளைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? பாரம்பரிய உணவை நேசிக்கிறவன் என்ற உரிமையில்தான் கேட்கிறேன். சாப்பிடுகிறவரின் உடல்நலத்துக்காக ஒரு பண்டத்தை மீட்டெடுத்துவிட்டு, செய்கிறவரின் உடல்நலத்தை அதன் விலையாகக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மகன்வாடிக்குப் பிறகு முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1980களில் தொடங்கி 2002இல் முடிந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 3 கோடிக்கும் மேல் அடுப்புகளைக் கட்டியதாகக் கணக்குச் சொன்னது. பலவற்றின் புகைபோக்கி அடைத்துக்கொண்டு, மண் பிளந்து, பழைய மூன்று கல்லுக்கே பெண்கள் திரும்பினார்கள். ஒடிசாவில் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது: முதல் ஆண்டில் புகை குறைந்தது, பிறகு பராமரிப்பு இல்லாமல் பலன் கரைந்துபோனது. அடுப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் இதுதான் நடக்கும். புனேயிலேயே ஆனந்த் கர்வே தொடங்கிய பொருத்தமான ஊரகத் தொழில்நுட்ப நிறுவனம் அடுப்பு, கரும்புத் தோகைக் கரி, சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு என்று பல வருடங்கள் உழைத்து, 2002இலும் 2006இலும் ஆஷ்டன் விருது பெற்றது. ஆக, தொழில்நுட்பம் தூரத்தில் இல்லை.

சிங்ககட் கடைக்காரப் பெண் ஏன் ஒரு தகரப் புகைபோக்கிகூட வைப்பதில்லை என்று கேட்கலாம். கோட்டை வனத்துறையின் வசம்; கடைகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டதும் உண்டு. நாளைக்கு இருக்குமா என்று தெரியாத கூரையில் யார் துளை போட்டுக் குழாய் நிறுத்துவார்கள்? மழை நனைக்காமல் விறகு அடுக்கி உலர்த்த ஒரு கொட்டகை வேண்டுமென்றால் அதற்கும் நிலம் வேண்டும். உரிமை இல்லாத இடத்தில் அடுப்பு எப்போதும் மூன்று கல்லாகவே இருக்கும், தூக்கிக்கொண்டு ஓட அதுதான் வசதி. நுரையீரல் நோய்க்கு மருத்துவ நூல்கள் தரும் காரணப் பட்டியலில் இடமில்லாத ஒரு காரணம் இது. இந்தப் பெண்களைப் பொறுத்தவரை முதல் காரணமே இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ருசி போய்விடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாக்ரி உப்புவது தணலின் சூட்டில். தோலில் அங்கங்கே கருகி, வாயில் வைத்ததும் தெரியும் அந்த மணமும் தணலுக்கு எதிரே சாய்த்து வைக்கும் கடைசிச் சில நொடிகளில் வருவது. காலையிலிருந்து தார்ப்பாய்க்குள் சுழலும் புகையால் பாக்ரிக்கு எந்தப் பயனும் இல்லை. அது சரியாக எரியாத விறகு, அவ்வளவுதான். பிட்லாவும் பஜ்ஜியும் எரிவாயுவில் ஆனால் நாக்குக்குத் தெரியப்போவதில்லை. பாக்ரிக்கு மட்டும் உலர்ந்த விறகு, காற்று கீழிருந்து ஏறும்படி கட்டிய உயரமான அடுப்பு, மேலே புகையைக் கூரைக்கு வெளியே கொண்டுபோகும் குழாய். உயரமான அடுப்பென்றால் நின்று சமைக்கலாம், முழங்காலும் தப்பிக்கும், முகமும் தீயிலிருந்து விலகும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கும் அதே குழாய்தான் வழி.

இதற்குப் பணம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் மலையடிவாரத்துச் சாவடியிலேயே இருக்கிறது. கோட்டைக்கு ஏறும் ஒவ்வொரு வண்டியிடமும் கட்டணம் வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கை எடுத்துக் கடைகளுக்கு நிலையான இடமும் புகைபோக்கியும் விறகுக் கொட்டகையும் கட்டலாம். ஆண்டுக்கொரு முறை குழாயிலுள்ள கரியை இடித்துச் சுத்தம் செய்ய உள்ளூர் இளைஞர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். மழைக்காலம் தொடங்குமுன் மே மாதத்தில் ஒரு நாள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஸ்பைரோமீட்டரோடு ஒரு குழு ஆத்கர்வாடிக்கு வரலாம். சாவடியில் நின்று நோட்டை நீட்டும் நாமும், இதில் அடுப்புக்கு எவ்வளவு போகிறது என்று ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம்.